நெடுந்தொடர்: பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தினசரி சீரியலை வருஷக்கணக்கில் விடாமல் பார்ப்பவர்களுக்காகவும், "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று பக்கத்து அறையிலிருந்து கேட்பவர்களுக்காகவும் எழுதப்பட்ட பக்கம் இது. எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு நெடுந்தொடரின் பலம் அதன் திருப்பங்களில் இல்லை, ஞாபகத்தில் இருக்கிறது. முந்நூறு எபிசோடுக்கு முன்னால் நடந்ததை மறக்காத தொடர் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் பார்க்கலாம். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கண்ணோட்டத்தில் எழுதியவை.

"சோப் ஆபரா" என்று ஏன் பெயர் வந்தது?

1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத் தொடர்களுக்கு விளம்பரம் கொடுத்தவர்களில் முக்கியமானவை சோப்பு, சலவைத்தூள் கம்பெனிகள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலையில் இருந்த பெண்கள். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்தான். 1930-இல் சிகாகோ வானொலியில் இந்த வகைத் தொடரைத் தொடங்கி வைத்தவர் இர்னா பிலிப்ஸ். 1937-இல் வானொலியில் ஆரம்பித்த அவருடைய "கைடிங் லைட்" 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. 72 வருஷம் ஓடிய ஒரே கதை!

இந்தப் பிறப்பு விவரம் வெறும் தகவல் அல்ல. இன்றைக்கும் சீரியலில் ஒருவர் "அவ கர்ப்பமா இருக்கா" என்றால் எதிரில் இருப்பவர் "என்ன சொல்றீங்க, அவ கர்ப்பமா இருக்காளா?" என்று திருப்பிக் கேட்பார். வானொலி கொடுத்த பழக்கம் அது. திரையைப் பார்க்காமல் அடுப்படியிலிருந்து காதால் மட்டும் பின்தொடர்பவருக்கும் கதை போய்ச் சேர வேண்டும். தனியாக நின்று மனதுக்குள் பேசும் வில்லியின் வசனமும் இதே காரணத்துக்காகத்தான். குறை என்று பலர் சொல்வார்கள். இந்த வடிவத்தின் அடிப்படை வசதி அது என்பது எங்கள் எண்ணம்.

எல்லா நாட்டுத் தொடர்களும் ஒரே மாதிரிதானா?

இல்லை. பெரிய வித்தியாசம், முடிவு முன்பே திட்டமிடப்பட்டதா இல்லையா என்பது.

அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களுக்கு முடிவே கிடையாது. "ஜெனரல் ஹாஸ்பிட்டல்" 1963 ஏப்ரலில் தொடங்கி இன்றும் ஓடுகிறது. பிரிட்டனின் "காரனேஷன் ஸ்ட்ரீட்" 1960 டிசம்பர் 9-இல் தொடங்கியது. முதல் எபிசோடில் மாணவனாக வந்த கென் பார்லோ பாத்திரத்தை வில்லியம் ரோச் முதியவராகும் வரை நடித்துவந்தார். லத்தீன் அமெரிக்காவின் டெலிநோவெலா நேர்மாறானது: பெரும்பாலும் 120-இலிருந்து 200 அத்தியாயம், அதற்குள் கல்யாணமோ தண்டனையோ கொடுத்து முடித்துவிடுவார்கள். துருக்கித் தொடர்கள் வாரத்துக்கு ஒருநாள்தான் வரும். ஆனால் ஓர் எபிசோடே இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

நம்முடையது நடுவில் நிற்கிறது. வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள், தினம் அரை மணி. முடிவு உண்டு, ஆனால் எப்போது என்பது ரேட்டிங்கின் கையில். இந்தியாவில் இந்த வடிவத்துக்கு வழி திறந்தது 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் வந்த "ஹம் லோக்". மனோகர் ஷியாம் ஜோஷி எழுதியது. எபிசோட் முடிவில் நடிகர் அசோக் குமார் வந்து பார்ப்பவர்களிடம் பேசுவார். தமிழில் தினசரி நெடுந்தொடர் வீட்டு வழக்கமாகவே ஆனது 1999-க்குப் பிறகு, "சித்தி"யின் காலத்தில்.

கதை ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி கோபம் தணிந்துவிடும்.

இந்தியக் கேபிள் விதிப்படி மணிக்கு 12 நிமிஷம் வரை விளம்பரமும் சேனலின் சொந்த முன்னோட்டமும் போகலாம். அதையும் மற்ற இடைவெளிகளையும் கழித்தால் அரை மணி ஸ்லாட்டில் தொடருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 21 நிமிஷம். "முன்கதை" ஒன்றரை நிமிஷம், டைட்டில் பாட்டு ஒரு நிமிஷம், "நாளை" அரை நிமிஷம். மிச்சம் 18. ஒரு சீன் இரண்டரை முதல் மூன்று நிமிஷம் என்றால் ஆறு அல்லது ஏழு சீன். அதில் மெயின் டிராக்குக்கு (முக்கியக் கதைக்கு) மூன்று சீன், அதாவது 9 நிமிஷம். இரண்டரை மணி நேர சினிமா சொல்லும் கதையை மெயின் டிராக்கில் மட்டும் சொல்ல 17 எபிசோட், ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாரம் ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு 312 எபிசோட், 109 மணி நேரம். நாற்பதுக்கும் மேற்பட்ட சினிமாவுக்குச் சமமான காட்சிகளை ஒரே குழு ஒரே வருஷத்தில் எழுதி எடுக்கிறது. அத்தனைக்கும் கதை கைவசம் இருக்காது, ஆகவே நேரத்தை நிரப்பும் உத்திகள் வருகின்றன. ஹாலில் ஒருவர் கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. அறையை மூன்று கோணத்தில் காட்டினால் 12 விநாடி. நிற்கும் எட்டுப் பேர் முகத்துக்குத் தலா 3 விநாடி, 24. அதையே இன்னொரு சுற்று. மொத்தம் ஒரு நிமிஷம் போயிற்று, ஒரு வரி வசனம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.

முகங்களைக் காட்டுவதே தப்பு என்று நாங்கள் சொல்லமாட்டோம். எட்டு முகத்தில் ஒன்று மட்டும் அதிர்ச்சி அடையாமல் இருந்தால், அந்த ஒரு நிமிஷம் கதையை நகர்த்திவிட்டது: அவருக்கு முன்பே தெரியும். எட்டும் ஒரே மாதிரி வாயைப் பிளந்தால்தான் அது வெறும் நேரம்.

டிராக் என்றால் என்ன? ஒரு வாரத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

டிராக் என்பது கிளைக்கதை. நன்றாக ஓடும் தொடரில் ஒரே சமயத்தில் மூன்று டிராக் இருக்கும்: உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒன்று, பாதி வளர்ந்த ஒன்று, அடுத்த இரண்டு மாதத்துக்கு விதைக்கப்படும் ஒன்று. முதலாவது முடியும்போது இரண்டாவது அதன் இடத்துக்கு வர வேண்டும். இதைத் தவறவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. பெரிய உண்மை வெடித்த மறுவாரம் தொடர் திடீரென்று காலியாகத் தெரிகிறதா? மூன்றாவது டிராக்கை யாரும் விதைக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஓட்டையை அடைக்க ஒரு கடத்தல் வரும், இல்லை கோயிலில் ஒரு வேண்டுதல் வரும்.

வாரக் கடைசி எபிசோடின் கொக்கிதான் (அடுத்து என்ன என்று இழுக்கும் முடிவு) பெரியது. வாரத் தொடக்கத்தில் அதற்குப் பதில், நடுவில் ஒரு சின்ன உச்சம், அடுத்த நாள் இறக்கம். ஒரே ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம் என்றால் நடுவார உச்சத்துக்கு மறுநாளை விடுங்கள்.

அமெரிக்காவில் இந்த வேலையைப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தலைமை எழுத்தாளர் பல மாதக் கதையோட்டத்தை முடிவு செய்வார், வேறு சிலர் அதைத் தினசரி சீன்களாக உடைப்பார்கள், இன்னும் சிலர் வசனம் எழுதுவார்கள். இர்னா பிலிப்ஸிடம் தொழில் கற்ற ஆக்னஸ் நிக்ஸன், வில்லியம் ஜே. பெல் இருவரும் பின்னாளில் தாங்களே பெரிய தொடர்களை உருவாக்கினார்கள். நம் டைட்டிலிலும் கதை, திரைக்கதை, வசனம் எனத் தனித்தனிப் பெயர் வரும். நடுவில் திரைக்கதைப் பெயர் மாறினால் அடுத்த இரண்டு வாரத்தில் பாத்திரங்களின் பேச்சும் நடத்தையும் மாறுகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் மாறும்.

ஒரு ரகசியத்தை எத்தனை நாள் இழுக்கலாம்?

இதுதான் நெடுந்தொடர் எழுத்தின் மையம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். நாள் கணக்கை விட முக்கியமான கேள்வி, ரகசியம் எத்தனை கை மாறுகிறது என்பது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஓர் உறவு மாற வேண்டும். மாறினால் நூறு எபிசோடும் தாங்கும், மாறாவிட்டால் பத்தே அதிகம்.

ஒரு சாதாரண உதாரணம். இளைய மகன் வேலை செய்யும் இடத்தில் 5 லட்ச ரூபாயைத் தொலைத்துவிடுகிறான். மூத்த மருமகள் யாருக்கும் சொல்லாமல் தன் நகையை அடகு வைத்து அவனைக் காப்பாற்றுகிறாள். தடயம், ஓர் அடகுச் சீட்டு. அதை அவள் புடவை மடிப்புக்குள் வைப்பதை நாம் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

முதலில் சீட்டு நாத்தனார் கையில் கிடைக்கிறது. அவள் சொல்லவில்லை, அவளுக்கே மறைக்க வேண்டிய காதல் ஒன்று இருக்கிறது. இப்போது இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் பயந்து, ஒருவரையொருவர் காப்பாற்றவும் வேண்டியவர்கள். அடுத்து தாத்தாவுக்குப் பாதி தெரிகிறது: நகை பெட்டியில் இல்லை என்பது மட்டும். பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்று அவர் தவறாக முடிவு செய்கிறார், ஆனால் அவள் மேல் இருக்கும் பாசத்தால் மூடி மறைக்கிறார். அவருடைய பொய் நாளைக்கு அவளுக்கே ஆபத்து. பிறகு கணவனுக்குத் தெரிகிறது. அவன் கோபம் நகைக்காக இல்லை, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்பதற்காக. மாமியாருக்குத் தெரிவது எல்லாருக்கும் கடைசியில், வீட்டுக் கல்யாணத்தில் நகையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய அன்று, சபையில்.

இதில் கடத்தல் இல்லை, விஷம் இல்லை. நான்கு கை மாறியிருக்கிறது, நான்கு உறவு மாறியிருக்கிறது. முப்பது, முப்பத்தைந்து எபிசோட் கண்ணை மூடிக்கொண்டு போகும்.

எங்கே கெடும்? மூன்று இடத்தில். ஒன்று, முதல் நாளே ஹாலில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தெரியவைப்பது. ஒரு நாள் பரபரப்புக்கு முப்பது நாள் கதையைச் செலவழித்துவிடுகிறார்கள். இரண்டு, சீட்டு கிடைக்கிறது, காற்றில் பறக்கிறது, திரும்பக் கிடைக்கிறது, தீயில் விழுகிறது என்று பொருள் மட்டும் சுற்றி வருவது, மனுஷர்கள் மாறாமல் இருப்பது. மூன்றாவது எங்களுக்குப் பொறுக்கவே முடியாதது: உண்மை தெரிந்த பிறகு அடுத்த வாரம் எல்லாரும் பழையபடி காபி குடிப்பது. அந்த மாமியார் இனிமேல் இளைய மகனிடம் பணம் கொடுக்கும்போது ஒரு கணமாவது தயங்க வேண்டும். அந்தத் தயக்கத்துக்காகத்தான் நாம் முப்பது நாள் காத்திருந்தோம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே" என்று தோன்றும் கதைகளை என்ன செய்வது?

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். பாத்திரம் வாயைத் திறந்து அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் உண்டென்றால் (தங்கை கல்யாணம் நிற்கும், அப்பா தலைகுனிவார், வேலை போகும்) மௌனம் நியாயமானது, எத்தனை நாளானாலும். நஷ்டமே இல்லை, போன் மணி அடித்ததால் மட்டும் வாக்கியம் பாதியில் நின்றது என்றால் எழுத்துச் சோம்பல். ஒருமுறை மன்னிக்கலாம். அதே தொடரில் மூன்றாவது முறை கதவு தட்டப்பட்டுப் பேச்சு நின்றால், அந்த டிராக் முடியும்வரை அதன் சீன்களைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதே நல்லது.

வில்லி எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்?

அவள் பக்கம் ஒரு நியாயம் இருக்க வேண்டும், அதை அவளே நம்ப வேண்டும். சொத்துக்காக மட்டும் சதி செய்பவள் ஐம்பது எபிசோடில் தீர்ந்துபோவாள். "இந்த வீட்டை நான் தூக்கி நிறுத்தினேன், நேத்து வந்தவ சாவிக்கொத்தை வாங்கிக்கிட்டா" என்று குமுறுபவள் ஐந்நூறு எபிசோட் தாங்குவாள். அவள் தோற்கும்போதும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஒவ்வொரு சதியும் தற்செயலாக உடைந்தால் கதாநாயகியின் புத்திக்கு வேலையே இல்லை. மூன்றில் ஒன்றையாவது கதாநாயகி தானே யோசித்து முறியடிக்க வேண்டும், ஒன்றில் வில்லி முழுசாக ஜெயிக்கவும் வேண்டும். ஜெயிக்கவே முடியாதவளைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

கதை ஏன் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது? கல்யாணம் ஏன் இரண்டு வாரம்?

இரண்டுக்கும் ஒரே பதில்: போட்ட செலவை அதிக நிமிஷங்களுக்குப் பரப்புகிறார்கள். இடம் மாறினால் லைட், கேமரா, ஆட்கள் எல்லாம் நகர வேண்டும், பாதி நாள் போய்விடும். கல்யாண மண்டபம், அலங்காரம், பட்டுப்புடவை எல்லாம் ஒருமுறை ஏற்பாடு செய்தால் பத்துப் பன்னிரண்டு எபிசோட் எடுத்துவிடலாம். உடை மாறத் தேவையில்லை, கண்டின்யூட்டி கவலையும் குறைவு. கதைக்கும் இது வசதி: தனித்தனி அறையில் இருந்த ரகசியங்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வருகின்றன.

ஹாலில் மாடிப்படி ஏன் எப்போதும் இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். கீழே பேசுவது மேலே நிற்பவருக்குக் கேட்கும், மேலே நிற்பவர் கீழே இருப்பவருக்குத் தெரியமாட்டார். ஒட்டுக்கேட்க அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது.

வசனத்துக்கு நடுவே ஏன் அப்படி ஓர் இடைவெளி? வாய் அசைவும் ஏன் ஒட்டவில்லை?

பல தமிழ்த் தொடர்களில் பிராம்ப்டிங் உண்டு. வசனம் பெரும்பாலும் படப்பிடிப்பன்றுதான் கைக்கு வரும், தமிழ் தாய்மொழியாக இல்லாத நடிகைகளும் நிறைய. கேமராவுக்கு வெளியே நின்று உதவி இயக்குநர் ஒரு வரியைச் சொல்வார், நடிப்பவர் கேட்டுக்கொண்டு சொல்வார். அந்தக் கேட்கும் நேரம்தான் இடைவெளி. குரலைப் பிறகு டப்பிங் கலைஞர் கொடுப்பார். பழகிய நடிகர் அந்த இடைவெளியையே நடிப்பாக்கிவிடுவார்: கண்ணைத் தாழ்த்துவார், புடவைத் தலைப்பைச் சரிசெய்வார், தம்ளரை நகர்த்துவார். பழகாதவர் பார்வை ஒரு கணம் பக்கவாட்டில் ஓடும். நடிகரை எடைபோட இது நம்பகமான இடம்.

"இவருக்குப் பதில் இவர்" என்று ஆளை மாற்றினால் கதை கெடுமா?

முதல் பத்து நாள் உறுத்தும், பிறகு பழகிவிடும், ஒரு நிபந்தனையோடு: ஆள் மாறலாம், பாத்திரத்தின் ஞாபகம் மாறக்கூடாது. புதியவர் வந்த உடனே பழைய சம்பவம் ஒன்றைத் தன் வாயால் சொல்லும் சீன் எழுத வேண்டும். யாரோடு சண்டை, யாரிடம் கடன், எந்தப் பேரனிடம் செல்லம் என்பது அப்படியே தொடர வேண்டும். அதைவிட்டு, பாத்திரத்தையே மென்மையாக்கிப் புது ஆளுக்குத் தக்கபடி வளைத்தால் இரண்டு பேரையும் இழந்துவிடுவோம்.

மிகக் கடினமான மாற்றம் நடிகரின் மரணத்தால் வருவது. "எதிர்நீச்சல்" தொடரின் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-இல் காலமானார். பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். பார்ப்பவர்கள் மனதில் ஒரு குரலாகவும் ஒரு கையசைவாகவும் பதிந்துவிட்ட பாத்திரத்தை இன்னொருவர் அதே போலச் செய்ய முயல்வது சரியில்லை. தன் வழியில் செய்வதே மறைந்தவருக்கும் மரியாதை.

செத்தவர் திரும்பி வருவதை ஏற்கலாமா?

பிணத்தைக் காட்டாத சாவை சாவாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆற்றில் விழுந்தார், கார் வெடித்தது, முகம் அடையாளம் தெரியவில்லை என்றால் நடிகரோடு பேச்சுவார்த்தை திறந்தே இருக்கிறது என்று பொருள். பார்ப்பவர்கள் கோபத்தால் திரும்பி வந்தவர்களும் உண்டு: "க்யூங்கி சாஸ் பி கபி பஹு தி" தொடரில் மிஹிர் இறந்தபோது எழுந்த எதிர்ப்பில் பாத்திரத்தை உயிரோடு கொண்டுவந்தார்கள்.

திரும்பி வரலாம், ஆனால் நடுவில் நடந்ததற்கு விலை இருக்க வேண்டும். விலையே இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தொடர் "டல்லாஸ்" உதாரணம். பாபி யூயிங் 1985-இல் செத்தார். நடிகர் பேட்ரிக் டஃபி திரும்ப வர ஒப்புக்கொண்டதும் 1986 மே மாதம் பாபி குளியலறையில் நின்றார். நடுவில் வந்த ஒரு முழு சீசனும் முன்னாள் மனைவி பாமின் கனவு என்றார்கள். அதே கதையிலிருந்து கிளைத்த "நாட்ஸ் லேண்டிங்" தொடரில் பாபியின் அண்ணன் கேரி ஏற்கெனவே துக்கம் கொண்டாடி, அந்தச் சாவைச் சுற்றிக் கதையும் வளர்ந்திருந்தது. அவர்கள் அதை அழிக்க மறுத்து, தாய்த் தொடரோடு தொடர்பை அறுத்துக்கொண்டார்கள். எங்கள் மனது முழுக்க "நாட்ஸ் லேண்டிங்" பக்கம்தான். அழுதவர்களின் கண்ணீரை அவர்கள் மதித்தார்கள்.

குழந்தைகள் மட்டும் ஏன் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறார்கள்?

குழந்தைக்கு வசனம் இல்லை, காதல் இல்லை, சதி இல்லை. படப்பிடிப்பில் நேரக் கட்டுப்பாடு மட்டும் உண்டு. அதனால் வெளியூருக்குப் படிக்க அனுப்பி வாலிபனாகத் திரும்ப வைப்பார்கள். "ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்" தொடரில் 1961-இல் பிறந்த டாம் ஹியூஸ், 1970 வாக்கிலேயே வியட்நாம் போருக்குப் போய்வந்த இளைஞன்! நாம் இதை லீப் (கதை பல வருஷம் தாவுவது) என்று எல்லாருக்கும் சேர்த்தே செய்கிறோம். லீப்பில் கவனிக்க வேண்டியது, தீராமல் நின்ற சண்டை தீராமலே இருக்கிறதா என்பது. "ஏழு வருடங்களுக்குப் பிறகு" என்ற ஒரு கார்டால் கடன், வழக்கு, பகை மூன்றையும் துடைத்துவிட்டால் அது புதுத் தொடர். பழைய பெயரில் ஓடுகிறது, அவ்வளவே.

டிஆர்பி கதையை எப்படி மாற்றுகிறது?

இந்தியாவில் 2015 முதல் பார்க் (BARC) என்ற ரேட்டிங் அமைப்பு, மீட்டர் பொருத்திய மாதிரி வீடுகளை வைத்துக் கணக்கெடுக்கிறது. அளவை வாரம் சனி முதல் வெள்ளி வரை. கணக்கு அடுத்த வியாழன் வெளியாகும். வியாழன் எண்ணைப் பார்த்து எடுத்த முடிவு திரைக்கு வர, கையிருப்பில் எத்தனை எபிசோட் உண்டோ அத்தனை நாள் ஆகும். நம் தொடர்களுக்குக் கையிருப்பு குறைவு, ஆகவே ஒன்றிரண்டு வாரத்திலேயே டிராக் மாறும். பிடிக்காத பாத்திரம் திடீரென்று வெளிநாடு போவது இப்படித்தான்.

கையிருப்பு அதிகமானால் நிலைமை தலைகீழ். அமெரிக்காவின் "டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்" பல மாதம் முன்கூட்டியே எடுக்கும். 2020 முடக்கத்தில் "ஜெனரல் ஹாஸ்பிட்டல்" போன்றவை பழைய எபிசோடுக்குப் போக, இது மட்டும் புதுசாகவே ஓடியது. பிரிட்டனின் "ஈஸ்ட்எண்டர்ஸ்" அந்த ஜூன் மாதம் முதன்முறையாகத் திரையிலிருந்தே இறங்கியது. பல மாதம் முன்னால் எடுப்பவர்கள் பார்ப்பவர் சலித்துவிட்டார் என்று தெரிந்தாலும் உடனே திரும்ப முடியாது.

விளம்பரக் கட்டணம் முடிவாகும் மாதங்களில் பெரிய சம்பவம் வைப்பதும் பழைய வழக்கம். அமெரிக்காவில் பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் அந்த அளவை மாதங்கள். "ஜெனரல் ஹாஸ்பிட்டல்" லூக்-லாரா கல்யாணம் நடந்தது 1981 நவம்பரில், பார்த்தவர்கள் ஏறக்குறைய 3 கோடிப் பேர். நம் ஊரில் இதற்கு மகா சங்கமம். இரண்டு தொடர்க் குடும்பங்களை ஒரு மணி நேரத்தில் கலப்பது. இரண்டில் ஒன்று மட்டும் பார்ப்பவர் முதல் நாளையும் கடைசி நாளையும் பார்த்தால் போதும்; இரண்டு கதைக்கும் கெடுதல் வராதபடி எழுதுவதால் நடுவில் எதுவும் உறுதியாக மாறாது.

800 எபிசோட் ஓடிய தொடரில் இப்போது எப்படிச் சேர்வது?

முதலிலிருந்து பார்க்காதீர்கள்.

1. முதல் 5 எபிசோட் பாருங்கள். யாருக்கு என்ன ஆசை, வீட்டில் யார் கையில் சாவி என்பது அதில் இருக்கும்.

2. நடுவில் பெரிய கல்யாணம், சாவு, லீப் எது எந்த எண்ணில் என்று தலைப்புகளைப் பார்த்துக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் முந்தைய நாள், அந்த நாள், மறுநாள் என மூன்று எபிசோட் பாருங்கள்.

3. கடைசி 12 எபிசோடை முழுசாகப் பாருங்கள், அதாவது இரண்டு வாரம். முன்கதைப் பகுதியைத் தள்ளாதீர்கள். எந்தப் பழைய சீனை எடுத்துப் போடுகிறார்களோ அதுதான் இந்த வாரம் வெடிக்கப் போகிறது.

4. ஒரு தாளில் வீட்டு ஆட்களை எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் ரகசியம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, யாருக்குப் பாதி தெரியும் என்று குறியுங்கள்.

மூன்று பெரிய சம்பவம் என்று வைத்தால் மொத்தம் 26 எபிசோட், ஒன்பது மணி நேரம். நாலாவது படியில் தாள் காலியாகவே இருந்தால், அதாவது எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தால், அந்தத் தொடரில் இப்போது சேர வேண்டாம். அடுத்த டிராக் வரட்டும்.

புரோமோவை நம்பலாமா?

படத்தை நம்பலாம், வரிசையை நம்பக்கூடாது. புரோமோவில் அறையும் அழுகையும் அடுத்தடுத்து வந்தாலும் எபிசோடில் அவை வெவ்வேறு ஆளுக்கு, வெவ்வேறு நாளில் வரலாம். உடையைப் பாருங்கள். இரண்டு ஷாட்டில் புடவை வேறு என்றால் ஒரே சீன் அல்ல.

தொடர் முடியப்போகிறது என்று முன்பே எப்படித் தெரியும்?

ஸ்லாட் முதலில் காட்டிக்கொடுக்கும். இரவு எட்டு மணியிலிருந்து மாலை ஆறுக்கோ மதியத்துக்கோ தள்ளினால் நாள் எண்ணத் தொடங்கலாம். அடுத்து ஆட்கள்: துணைப் பாத்திரங்கள் வரிசையாக வெளியூர் போவார்கள், புதுப் பாத்திரம் யாரும் வரமாட்டார். பிறகு வேகம். முப்பது நாள் இழுத்த உண்மை மூன்று நாளில் தீரும், போலீஸ் சரியான நேரத்துக்கு வரும், வில்லி திருந்துவாள் அல்லது ஜெயிலுக்குப் போவாள். எல்லாவற்றுக்கும் முன்னால் தெரியும் அடையாளம் ஒன்று உண்டு, அது மூன்றாவது டிராக். இன்று பார்த்த எபிசோடில் இரண்டு மாதம் கழித்து மட்டுமே பயன்படக்கூடிய சீன் ஒன்றாவது இருக்கிறதா? யாராவது எதையாவது பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்களா, பேர் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்ததா? இரண்டு வாரம் தொடர்ந்து அப்படி ஒன்றுமே இல்லையென்றால், எழுதுபவர்களுக்குத் தேதி சொல்லியாயிற்று.